விலக்கப்பட்டவனின் காற்று

திருநாவுக்கரசு செத்துப்போன பதினோராம் நாள், செங்கரட்டில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். வராத ஒருவன் பிரிட்டோ. விசாரணையே அவன் மீதுதான். ஆனால் அவன் இருந்த இடத்தைவிட்டு எழுந்து வந்தால் ஊருக்குக் காற்று நின்றுவிடும். அதனால் தன் மீதான விசாரணையைச் சுவரில் இருந்த ஒலிபெருக்கி வழியாகக் கேட்டான். பதிலும் அதன் வழியாகவே வந்தது.

"ஆமா. அலாரத்த அமத்துனது நான்தான். போய்ப் பாக்கல. தூங்கிட்டேன்."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் காற்று செய்யும் பிளான்ட்டின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாயின் வடபாதியில், ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில், மண்ணுக்கடியில் புதைத்துக் கட்டிய ஆறு கூடங்கள்தான் செங்கரடு. ஆள்கள் குடியேறிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. தண்ணீர் தெற்கே இருந்த பனிநிலையத்திலிருந்து வரும். சாப்பாடு பயிர்க்கூடத்திலிருந்து வரும். மூச்சு, ஊரின் கடைசியில் இருந்த பிளான்ட்டிலிருந்து வரும். அதைப் பழுது பார்த்து ஓட்டத் தெரிந்தவன் பிரிட்டோ ஒருவன்தான். இன்னொருவர் போன கப்பலில் இருதய நோயோடு பூமிக்குத் திரும்பிவிட்டார். அவருக்குப் பதில் ஆள் இன்னும் வரவில்லை.

திருநாவுக்கரசை எல்லோரும் அரசு என்றுதான் கூப்பிட்டார்கள். செத்த அன்று அவன் பயிர்க்கூடத்துக்குப் போகும் சுரங்கவழியில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த வழிக்கு அடியில்தான் பிளான்ட்டின் கழிவு வாயுவை வெளியே தள்ளும் குழாய் போகிறது. அதில் ஒரு மூட்டு விரிசல் விட்டிருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அலாரம் பிளான்ட்டில் அடித்தது. பிரிட்டோ அதை அமர்த்தினான். இரண்டு மணி நேரம் கழித்து ஆள் வந்து பார்த்தபோது அரசு சுவரில் சாய்ந்து, மடியில் ஸ்பேனரோடு, அசந்துபோனவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"இப்ப இவன என்ன செய்ய?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர், அறுபதை நெருங்குகிறவர்.

"பூட்டி வைங்க" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"பூட்டிட்டா பிளான்ட்ட யாரு ஓட்டுவா? நீ ஓட்டுதியா?"

"கப்பல்ல ஏத்தி அனுப்பிடணும்."

"கப்பல் வர இன்னும் பத்தொம்பது மாசம் கெடக்கு."

"அதுவரைக்கும் யாரும் அவன்கூடப் பேசக்கூடாது. ஊர்விலக்கு."

இருபது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள். கொண்டுவந்த ஒவ்வொரு சட்டைக்கும் எடை பார்த்தவர்கள். அந்தச் சொல் மட்டும் எடை போடாமல் கூடவே வந்திருந்தது. யாரும் அதை மறுக்கவில்லை.

அப்போதுதான் மேகலை எழுந்தாள். அரசின் மனைவி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி, முப்பத்தெட்டு வயது. வேதியியல் படித்தவள். செங்கரட்டின் அலுவலகத்தில் யார் எங்கே வேலை செய்வது என்று பட்டியல் போடுவது அவள்தான். பதினோரு நாளாக அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"எனக்கு அந்த வேலையக் கத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"எட்டு மாசத்துல நான் கத்துக்கிட்டா அந்த ஆளு தேவையில்லைங்களே."

தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"தேவையில்லாம போனப்பொறம்?"

"பனிநிலையத்துக்கு அனுப்பிருங்க. கப்பல் வர்ற வரைக்கும் அங்கயே கெடக்கட்டும். தனியா."

டாக்டர் ஷமீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அங்க நாம ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்புறோம். அதுவும் இருபது நாளுக்கு மேல விடுறதில்ல. தனியா ஒரு வருஷம்னா அது தண்டனை இல்ல மேகலை. கொலை."

"என் வீட்டுக்காரர் எதுல போனாருங்க டாக்டர்?"

ஷமீனா உட்கார்ந்துவிட்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கோமதிநாயகம் எண்ணி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

"சரி" என்றான் பிரிட்டோ. "நாளைக்கே வரச் சொல்லுங்க."

பிளான்ட் ஒரு நீண்ட, தாழ்ந்த அறை. நாற்பத்தெட்டு செல்கள், ஒவ்வொன்றும் ஒரு பெட்டி அளவு, இரண்டு வரிசையாக நின்றன. உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மேகலை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பிரிட்டோ அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"வெளிய இருக்கிற காத்த உறிஞ்சி இதுக்குள்ள விடுதோம். எண்ணூறு டிகிரி சூடு. கரண்ட்டக் குடுத்தா பிராணவாயு தனியா வந்துரும். அது நமக்கு. மிச்சம் நிக்கிறது கார்பன் மோனாக்சைடு. அத வெளிய தள்ளிரணும்."

"ரெண்டும் ஒரே எடத்துலயா உருவாகுது?"

"ஒரே எடத்துலதான். நடுவுல ஒரு தகடு, நகத்துக் கனம். இந்தப் பக்கம் உசுரு, அந்தப் பக்கம் சாவு. தகடு வெடிச்சா மாத்தணும். மூட்டு வெடிச்சா அடைக்கணும். இதுல எதாவது ஒன்னு எப்பவும் வெடிச்சிக்கிட்டேதான் இருக்கும்."

அவள் எழுதிக்கொண்டாள். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, கப்பல் எஞ்சின்களில் வேலை பழகியவன் அவன். முன்பெல்லாம் அவள் அவனை அண்ணா என்பாள், அவன் தங்கச்சி என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரசும் அவனும் சீட்டாடுவார்கள். இப்போது பேச்சில் உறவுமுறை உதிர்ந்துவிட்டது. அவள் கேள்வி கேட்பாள், அவன் பதில் சொல்வான். வேலை சம்பந்தமான பேச்சுக்கு மட்டும் விலக்கில் இடம் இருந்தது.

மற்றவர்கள் அதுவும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு பிளான்ட்டின் வாசலில் வைக்கப்பட்டிருக்கும். கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவன் குளிக்க வரும் நேரத்தில் நடைவழியில் கதவுகள் சாத்திக்கொள்ளும். ஒலிபெருக்கியில் "பிளான்ட், அழுத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள். ஒரு மாதத்தில் அவன் பெயரை யாரும் சொல்லிக் கேட்க முடியவில்லை. எல்லோரும் அவன் செய்து அனுப்பிய காற்றை இழுத்துக்கொண்டுதான் அவனை ஒதுக்கினார்கள்.

மேகலைக்கு அதுவே பெரிய வேதனையாக இருந்தது. ஆரம்ப நாள்களில் அறையில் படுத்திருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பாள். எழுபது வரை போவாள். பிறகு நெஞ்சு தானாகத் திறந்துகொண்டு அவன் காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆத்திரத்தில் அழுகை வரும். அறையில் இருக்க முடியாது. எழுந்து நடப்பாள். பயிர்க்கூடத்தின் வாசலிலிருந்து அலுவலகம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. போய், திரும்பி, மறுபடியும் போய். கட்டிலைச் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள். பிறகு பழையபடி போட்டாள். இந்தக் கிரகத்தின் நாள் பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் கூடுதல். அவள் இங்கே வந்து ஏழு வருடமாகியும் உடம்பு அந்த முப்பத்தொன்பது நிமிடத்தை ஒத்துக்கொள்ளவில்லை. செங்கரட்டில் யாருக்குமே சரியான தூக்கம் கிடையாது. காற்றாடிகளின் உறுமல் ஒரு கணம் குறைந்தாலும் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மூன்றாம் மாதத்தில் அவள் தன் கையால் ஒரு செல்லை மாற்றினாள். உள்ளங்கையில் சூடுபட்டுக் கொப்புளம் வந்தது. ஐந்தாம் மாதத்தில் அவன் இல்லாமலே ஒரு மூட்டைக் கழற்றி அடைத்தாள். மேகலை உதவிக்கு இருந்ததால், அரசு இறந்த பிறகு அங்கே போட்டிருந்த அளவுமுள்களைப் பார்க்கும் ஆளைத் தலைவர் மீண்டும் பயிர்க்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். இப்போது பிளான்ட்டில் இவர்கள் இருவர்தான், முறை வைத்து.

பிரிட்டோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வேகம் அவளுக்குப் புரியவில்லை. எதையும் மறைக்கவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டால் மூன்றுக்குப் பதில் சொன்னான். ஓய்வு முறையிலும் படுக்கப் போகமாட்டான். மூலையில் முக்காலியைப் போட்டுக்கொண்டு முள்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கண்ணுக்கடியில் கருப்பு இறங்கி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இவ்வளவு வேகமாச் சொல்லிக் குடுத்தா உங்களுக்குத்தான் சீக்கிரம் பனிநிலையத்து வண்டி ஏற வேண்டி வரும். தெரியுமுங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தெரியும்" என்றான். "அந்த வால்வ இடம் மாத்தித் திருகுதீங்க. வலப்பக்கம்."

ஆறாம் மாதம் தூசிக்காற்று தொடங்கியது. வெளியே இரண்டு வாரமாக வானம் தெரியவில்லை. மாவைவிட நைசான தூசி எங்கெங்கோ புகுந்து சென்சார்களின் மேல் படிந்தது. கழிவு வாயுக் கசிவு என்று அலாரம் பொய்யாக அடிக்கும். ஒவ்வொரு முறையும் முகமூடி மாட்டிக்கொண்டு, கையில் அளவுமானியோடு சுரங்கவழி முழுக்க நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். போய்வர இருபது நிமிடம்.

அன்று பிற்பகல் மேகலை நாற்காலியில் இருந்தாள். பிரிட்டோ பின்வரிசையில் ஒரு அடைப்பை மாற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஆறு முறை அலாரம் அடித்து, ஆறு முறையும் அவள் போய்ப் பார்த்து வந்திருந்தாள். ஏழாம் முறை அடித்தது. அவள் அழுத்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். இடது கை தானாக நீண்டு பொத்தானை அமுக்கியது. சத்தம் நின்றது. அவள் அடுத்த எண்ணை எழுதினாள்.

நாலு வரி எழுதிய பிறகுதான் கதவு திறக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பிரிட்டோ முகமூடியோடு வெளியே போய்க்கொண்டிருந்தான்.

இருபது நிமிடம் அவள் அசையவில்லை. அந்த நேரம் சுரங்கவழியில் யார் யார் போயிருப்பார்கள் என்று மனம் ஒவ்வொரு பெயராக அடுக்கியது. அவன் திரும்பி வந்தான். முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"தூசிதான்" என்றான். விட்ட இடத்தில் போய் உட்கார்ந்து அடைப்பைத் திருக ஆரம்பித்தான்.

அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம்.

"அமத்துனது நானு. நீங்க எதுக்குப் போனீங்க?" என்றாள்.

"யாராவது போகணும்லா."

"அன்னிக்கு எத்தன தடவ அடிச்சுதுங்க?"

அவன் கை நின்றது. எந்த நாள் என்று கேட்கவில்லை. "பதினாலு."

"பதிமூணு தடவ போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தன மணி நேரமா முழிச்சிருந்தீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"பதிவுல இருக்கும்" என்றான் அவன், திருப்புளியைத் தேடுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். "விடுங்க. பழசெல்லாம் எதுக்கு நோண்டிக்கிட்டு."

அவள் பதிவைத் திறந்தாள். பிளான்ட்டின் வேலைப் பதிவை நாள்வாரியாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். அரசு இறந்த நாளன்று பிரிட்டோ நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வாரமும் ஏறக்குறைய அப்படியே. முந்தைய மாதமும். ஐந்து மாதம் பின்னால் போனதும் காரணம் வந்தது. ஒரு உத்தரவு.

பிளான்ட்டில் பிரிட்டோ தூங்கும் நேரத்தில் முள்களைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆள், பயிர்க்கூடத்துக்கு ஆறு வாரம் மாற்றப்படுகிறார். கேட்டவர் திருநாவுக்கரசு. பட்டியல் போட்டவர் மேகலை. ஒப்புதல் கோமதிநாயகம்.

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. சாப்பிடும்போது அரசு கேட்டான். "ஒரே ஒரு ஆளு குடு மேகலை. கெழங்கெல்லாம் அழுகுது." அவள் அங்கேயே உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தாள். அதை அவள் மறந்துவிடவில்லை. ஆறு வாரம் ஐந்து மாதம் ஆனதைத்தான் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உத்தரவுக்குக் கீழே பிரிட்டோ அனுப்பிய மூன்று கோரிக்கைகள் இருந்தன. மூன்றாவது ஒற்றை வரி: "தூக்கம் இல்லை, தவறு நடந்துவிடும், ஆள் வேண்டும்." அதற்குப் பதில் வந்திருந்தது. "அறுவடை முடியட்டும், பார்க்கலாம். மேகலை."

அந்தப் பதிலை எழுதியது மட்டும் அவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவள் எழுந்து பின்வரிசைக்குப் போனாள். "ஏன் சொல்லல?"

"எங்க?"

"கூட்டத்துல. அத்தன பேர் முன்னால."

பிரிட்டோ திருப்புளியைக் கீழே வைத்தான். "சொல்லி? அரசு எந்திரிச்சு வந்துருவானா? புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கீங்க. அந்த நேரத்துல இதக் கொண்டாந்து உங்க மூஞ்சிக்கு முன்னால நீட்டச் சொல்லுதீங்களா? அலாரத்த அமத்துனது என் கைதான். அதுல பொய் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு ஆளு தூங்காம கெடந்தா போதாதா?" என்றான்.

மறுநாள் மேகலை ஷமீனாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உட்கார முடியாமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"எட்டாம் மாசம் உன்னக் கூப்பிட்டுக் கேப்பாங்க. இன்னும் கத்துக்கலைன்னு சொல்லிடு" என்றார் ஷமீனா. "அவன் இங்கயே இருப்பான். உன் பேரும் வெளிய வராது. அவனும் சொல்ல மாட்டான். முடிஞ்சுது."

"எத்தன நாளைக்குங்க?"

"கப்பல் வர்ற வரைக்கும்."

"அவரு கெட்ட பேரோட கப்பல் ஏறுவாரு. நான் நல்ல பேரோட இங்க இருப்பேன். அப்படித்தானுங்களே?"

"நீ உண்மையச் சொன்னா அரசு பேரும் அடிபடும். ஆள் கேட்டது அவன்தானே."

மேகலை அதை யோசித்திருக்கவில்லை.

"இன்னொன்னும் யோசி" என்றார் ஷமீனா. "அவன அனுப்பிட்டா அந்த நாற்காலியில நீ ஒருத்திதான். முப்பத்தொரு மணி நேரம் நீ முழிச்சிருப்ப. அப்ப உனக்கு யார் ஆள் தருவா?"

அடுத்த இரண்டு மாதமும் அவள் வேலை கற்றாள். கற்க வேண்டியதெல்லாம் முடிந்த பிறகும் கற்றாள். நடைவழியில் அவள் நடப்பது மட்டும் நிற்கவில்லை.

எட்டாம் மாதக் கடைசியில் கூட்டம் கூடியது. அதே கூடம், அதே நாற்பத்தொரு பேர், சுவரில் அதே ஒலிபெருக்கி. கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கத்துக்கிட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்க. தனியா ஓட்டுவேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு போனது. யாரோ கைதட்டத் தொடங்கி, தட்டக்கூடாது என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்ப நாளைக்கழிச்சு வண்டிய எடுத்துருவோம்" என்றார் தலைவர்.

"இருங்க. அந்த வண்டியில இன்னொரு ஆளையும் ஏத்தணும்."

அவள் கையில் இருந்த தாளைப் பிரித்தாள். உத்தரவைப் படித்தாள். யார் கேட்டது என்று படிக்கும்போதும் அந்தப் பெயரை விழுங்கவில்லை. மூன்று கோரிக்கைகளையும் தேதியோடு படித்தாள். தன் பதிலைக் கடைசியாகப் படித்தாள்.

"தூங்குனதுக்காக அவரு பனிநிலையத்துக்குப் போகணும்னா, அவரத் தூங்க விடாத நானும் போகணுமுங்க. தண்டன கேட்டவளும் நான்தான். அதனால எனக்குக் கொறச்சுக் குடுக்க வேண்டாம்."

"நீயும் போயிட்டா பிளான்ட்டு?" என்று ஒருவன் பதறினான்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

கோமதிநாயகம் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"கீழ கெடக்கிறது என் கையெழுத்துல்லா" என்றார்.

"ஆமாங்க."

"படிச்சுப் பாத்துத்தான் போட்டனா, என்னமோ." அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "எத்தனையோ தாளு வருது."

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"எதுக்குங்க இப்பிடிச் செஞ்சீங்க?" என்றது பிரிட்டோவின் குரல். அதில் நன்றி இல்லை. கோபம்தான் இருந்தது. "யாரு கேட்டா உங்கள?" டக்கென்று இணைப்பு அறுந்தது. வண்டியைப் பற்றி ஒரு முடிவும் எடுக்காமல், ஆள்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

மேகலை நேரே பிளான்ட்டுக்கு நடந்தாள். பிரிட்டோ முள்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் ஒரு பை, கட்டித் தயாராக இருந்தது. மேலே ஒரு போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"எப்பக் கட்டுனீங்க இத?"

"அது கெடக்கு ரெண்டு மாசமா." அவன் திரும்பவில்லை. "பனிநிலையத்துல சின்ன மெஷின்தான். அங்க இருக்கப்போறது நான் ஒருத்தன். அது என் காத்து. நான் தூங்கி அது நின்னாலும் நான்தான் சாவேன். வேற ஒருத்தர் சாக மாட்டாங்க. அங்க போனா தூங்கலாம்னு இருந்தேன்."

அவள் பையின் மேல் இருந்த போர்வையைப் பார்த்தாள்.

"இங்க கண்ண மூடுனா நாப்பத்தொரு பேரு மூச்சும் காதுல கேக்கு. அந்த வண்டிக்காகத்தான் இவ்வளவு வெரசலாச் சொல்லிக் குடுத்தேன். நீங்க என்னடான்னா..." அவன் முடிக்கவில்லை. முழங்கையால் முகத்தைத் துடைத்தான்.

அவனைத் தூக்கி எறிவதற்காக அவள் எட்டு மாதம் கற்றிருந்தாள். அவனும் அதே எட்டு மாதம் தன்னைத் தூக்கி எறியச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்திருந்தான். அவன் தூங்கப் போக இருந்த ஒற்றைக் கதவையும் அவள் இப்போது சாத்திவிட்டு வந்து நிற்கிறாள்.

"உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

"நெனக்கல."

"என்னையும் நான் மன்னிக்கலீங்க."

"சரி."

"எந்திரிங்க. நாற்காலிய விடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். எட்டு மாதத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

"அந்தப் போர்வைய எடுத்துட்டுப் போய்ப் பின்னால படுங்க. முக்காலியில உக்காரக் கூடாது. அலாரம் அடிச்சா நான் பொத்தானத் தொட மாட்டேன். ஆளக் கூப்பிடுவேன். கூப்பிட்டா வராம யாரு இருக்காங்கன்னு பாத்துக்கறேன்."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு போர்வையை எடுத்துக்கொண்டு செல் வரிசைகளுக்குப் பின்னால் போனான். அரை மணி நேரம் அவன் புரளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். வெறும் தரையில், ஒரு கை தலைக்கடியில் மாட்டிக்கொண்டிருக்க, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் அடித்தது. மேகலை அதை அடிக்கவிட்டபடியே ஒலிவாங்கியை எடுத்தாள். "பிளான்ட்டுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. இப்பவே. யாராச்சும் வாங்க."

அத்தனை இரைச்சலிலும் பிரிட்டோ அசையவில்லை. நடைவழியில் ஓடிவரும் காலடிகள் கேட்டன. ஒன்றல்ல, பல. முதலில் உள்ளே வந்தவர் கோமதிநாயகம். மூச்சிரைக்க நின்ற அவர் கையில் அவள் முகமூடியையும் அளவுமானியையும் கொடுத்தாள். எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த எண் வந்தால் திரும்பி ஓடிவர வேண்டும் என்று சொன்னாள். அவர் போனார். மற்ற மூன்று பேர் வாசலிலேயே, அந்த எட்டு மாதத்தில் தாண்டாத அந்த வாசலில், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் திரும்பினார். ஒன்றுமில்லை என்று கையால் காட்டினார். அதன் பிறகுதான் அவள் பொத்தானை அமுக்கினாள். அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. கிழவர் செல்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார்.

"எம்புட்டு நேரமாத் தூங்குதான்?" குரல் தணிந்திருந்தது.

"அஞ்சு மணி நேரமுங்க."

அவர் தலையாட்டினார். போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் மூலையில் இருந்த முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டு, முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முள்களை வரிசையாகப் பார்த்தார்.

"இது என்ன எழவுன்னே எனக்குத் தெரியாதும்மா. பதினோரு வருசமாச்சு" என்றார். "சொல்லுங்க. மொதல்ல எதப் பாக்கணும்?"

வாசலில் நின்ற மூவரும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மேகலை குரலைத் தணித்துக்கொண்டு, இடது ஓரத்து முதல் முள்ளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.